பயனியலில் வைக்கப்பட்ட வழிபாடு

அடைய வேண்டியதை நோக்கி முயல்வதும், முயலும் காலத்திலேயே நிறைவு காண்பதும் ஒன்றுக்கொன்று பகையானவை என்னும் எண்ணம் மிகப் பழையது, கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) அதற்கு ஒரு தருக்க வடிவமே கொடுத்தார். மனிதச் செயல்களை அவர் இருவகையாகப் பிரித்து, தனக்கு வெளியே உள்ள ஒரு முடிவை நோக்கிச் செல்லும் செயலைக் 'கினேசிஸ்', அதாவது இயக்கம் என்றும், முடிவைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கும் செயலை 'எனெர்கையா', அதாவது நிறைவினை என்றும் அழைத்தார். வீடு கட்டுதல் முன்னதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு: கட்டிக்கொண்டிருக்கும் வரை வீடு இல்லை, வீடு எழுந்துவிட்டால் கட்டும் வேலை இல்லை. காண்டல் பின்னதற்கு எடுத்துக்காட்டு: ஒருவன் ஒரு பொருளைக் காணத் தொடங்கிய அக்கணமே அதைக் கண்டும் விட்டான், ஆனாலும் காண்டல் அத்துடன் நின்றுவிடுவதில்லை. இப்பிரிவினையை ஏற்றுக்கொண்டால் குறிக்கோளைத் துரத்தும் வாழ்வின் இடர் எங்கே இருக்கிறது என்பது விளங்கும். இயக்கத்தின் வெற்றியே அதன் இறப்பு; ஆகவே இயக்கங்களை மட்டுமே கோத்துக் கட்டிய வாழ்க்கையில், எட்டாதவரை ஏக்கமும் எட்டியபின் வெறுமையும் மாறிமாறி வருமேயன்றி வேறொன்றும் வாராது.

இதற்கு இக்காலத்தில் பரவலாகச் சொல்லப்படும் மருந்து, இலக்கில் கொஞ்சமும் வழியில் கொஞ்சமும் மனத்தை வைத்து இரண்டையும் சமன் செய்து கொள்க என்பதாகும். கேட்பதற்கு நல்ல அறிவுரைதான். ஆயினும் அது பகையைத் தீர்க்காமல் பங்கு பிரித்துக் கொடுக்கும் பஞ்சாயத்தாகவே நின்றுவிடுகிறது. இரண்டும் உண்மையிலேயே ஒன்றையொன்று தின்னும் பொருள்கள்தாமா என்னும் முதற்கேள்வியை அது கேட்பதே இல்லை.

அக்கேள்வியை இந்தியச் சமயநெறிகள் வேறொரு வாயிலாக, அதாவது சடங்கின் பயன் என்ன என்னும் ஆராய்ச்சி வாயிலாக, அணுகின. சைமினி முனிவரின் மீமாஞ்சை நெறி, துறக்கத்தை விரும்புவோன் வேள்வி செய்யக் கடவன் என்னும் வேதவிதியைப் பொருள்கொள்ள முற்பட்டபோது, இன்று செய்து முடியும் வேள்வி என்றோ வரப்போகும் துறக்கத்தை எப்படித் தரும் என்னும் இடைவெளியை எதிர்கொண்டது. அவ்விடைவெளியை நிரப்ப, செயல் அழிந்தபின்னும் அழியாது நின்று பயனைத் தருவதாகிய 'அபூர்வம்' என்னும் காணப்படாத ஆற்றல் ஒன்றை அது உடன்பட்டது. பயன் வேண்டிச் செய்யும் இத்தகைய வினைகள் காமியம் எனப்பட்டன. நாள்தோறும் செய்தே ஆக வேண்டியவை, செய்யாதொழிந்தால் குற்றம் என்னும் அளவில் நிற்பவை நித்தியம் எனப்பட்டன. விதியே மனிதனைச் செயலில் செலுத்தப் போதுமானது, பயனின் ஆசை அதற்குத் தேவையில்லை என்று அந்நெறியிலேயே பிரபாகரர் வழிவந்தோர் வாதிட்டனர். பகவத்கீதை பயனைப் பற்றாமல் வினை செய்யும்படி அறிவுறுத்தியது. சங்கரரோ வினை மனத்தைத் தூய்மை செய்யும் அளவிற்கே உதவும், வீடு ஞானம் ஒன்றினாலேயே கிட்டும் என்றார். அவர் நெறியில் ஞானம் எய்தியவனுக்கு வினையால் ஆகவேண்டியது எதுவும் இல்லை. இவை ஒன்றோடொன்று கடுமையாக முரண்பட்டவை. ஆனாலும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. செயல் ஓரிடத்திலும் பேறு வேறோரிடத்திலும் இருப்பதாகவோ, செயலுக்குப் பேறே வேண்டாததாகவோ இவை கொள்கின்றனவேயன்றி, செயலே பேற்றின் உடலாக இருக்கக்கூடும் என்னும் மூன்றாவது நிலையை இவை போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. அந்நிலையைத் தமிழ்ச் சைவம் முதலில் கதைகளாகவும் பின்னர் சாத்திரமாகவும் வளர்த்தெடுத்தது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் வரும் பூசலார் வரலாறு இவ்வகையில் ஆழ்ந்து கற்கத்தக்கது. தொண்டை நாட்டுத் திருநின்றவூரில் வாழ்ந்த அவர் சிவனுக்கு ஒரு கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடி அலைந்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு மனத்திலேயே கோயில் கட்டத் துணிந்தார். இவ்வளவோடு கதையை அறிந்தவர்கள் அதை அகவழிபாட்டின் பெருமைக்குச் சான்றாகச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் சேக்கிழார் அவர் கட்டிய முறையைச் சொல்லும் இடத்தில்தான் பொருள் செறிந்திருக்கிறது. மனத்தில் கட்டும் கோயிலை ஒரு நொடியில் முழுதாக நினைத்துவிடலாம், தடுப்பார் யாருமில்லை. பூசலாரோ மனத்திலும் முதலில் நிதியைச் சிறுகச் சிறுகச் சேர்க்கிறார். வேண்டிய கருவிகளையும் தச்சரையும் தேடிக் கொணர்கிறார். ஆகம முறைப்படி நல்ல நாள் பார்த்து அடிப்படை இடுகிறார். இரவிலும் கண் துஞ்சாமல், அடித்தளத்தின் கீழ்வரியாகிய உபானம் தொடங்கி வரிவரியாகக் குறித்த அளவுப்படி எழுப்பிச் சிகரம் வரை சென்று, தூபி நட்டு, சுதை வேலை முடித்து, கிணறு எடுத்து, மதில் வளைத்து, குளமும் தோண்டுகிறார். இத்தனைக்கும் நாட்கள் பல ஆகின்றன. விளைபொருள் மட்டுமே வேண்டும் என்றால் இவ்வளவு பாடு எதற்கு? ஒவ்வொரு வரியையும் வைத்தே செல்ல வேண்டும் என்று அவர் கொண்டதற்கு, வைப்பதே வழிபாடாக அவருக்கு இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஆயினும் வழியே இனிது, முடிவு எதற்கு என்று சொல்வாருக்கும் பூசலார் சான்றாகார். அவர் குடமுழுக்கிற்கு நாள் குறித்தார். காஞ்சியில் கற்றளி எடுத்து முடித்த பல்லவ மன்னனும் தன் கோயிலுக்கு அதே நாளைக் குறித்திருந்தான் என்பதும், அன்பன் ஒருவன் நின்றவூரில் எடுத்த ஆலயத்தில் நாளை தாம் புகப்போவதால் வேறு நாள் கொள்க என்று இறைவன் அவன் கனவில் கூறினார் என்பதும், மன்னன் அவ்வூர் வந்து பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்க, அப்படியொன்று இங்கே இல்லை என்று ஊரார் சொன்னார்கள் என்பதும் புராணம் கூறும் செய்திகள். அரசனுடைய கற்றளியோடு நாள் முட்டும் அளவிற்கு உறுதியான ஒரு நாள் அந்த மனக்கோயிலுக்கு இருந்தது என்பதே இங்கே கருதத்தக்கது. நாள் குறிக்கப்படாத கோயிலில் எந்த வரி முந்தியது, எந்த வரி பிந்தியது என்பதற்குக் கட்டாயம் எதுவும் இல்லை. அது கனவாகும், கட்டடமாகாது. முடிவுதான் ஒவ்வொரு கல்லையும் அதனதன் இடத்தில் இருத்துகிறது. முடிந்த பின்னரும் அவர் ஓய்ந்துவிடவில்லை; குறித்த நேரத்தில் இறைவனை எழுந்தருளச் செய்து, பல நாட்கள் பூசனை புரிந்தே அவன் திருவடி அடைந்தார். அரிஸ்டாட்டில் தம் எடுத்துக்காட்டாகக் கொண்ட அதே வீடுகட்டும் தொழிலை எடுத்துக்கொண்ட இக்கதை, கட்டும் வேலை முடிந்தாலும் எந்த அன்பினால் அது கட்டப்பட்டதோ அந்த அன்பின் வினை முடிவதில்லை என்று காட்டிவிடுகிறது.

ஏழாம் நூற்றாண்டினராகிய திருநாவுக்கரசர் கையில் உழவாரப்படை ஏந்தியவராகவே சிற்பங்களில் காணப்படுகிறார். உழவாரப்படை என்பது நிலத்தோடு ஒட்டிப் புல்லைச் செதுக்கும் கருவி. கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்குவது போன்ற ஒரு தொண்டில் முடிவையும் வழியையும் பிரிப்பது எளிதன்று. இன்று முற்றம் தூய்மையாகும், அடுத்த மழைக்குப் பின் மீண்டும் செதுக்க வேண்டும். திருப்புகலூரில் அவர் அத்தொண்டு செய்யும் இடமெங்கும் பொன்னும் மணிகளும் விளங்கத் தோன்றினவென்றும், அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒன்றாக உழவாரத்தில் வாரி அருகிருந்த வாவியில் எறிந்தாரென்றும் சேக்கிழார் பாடுகிறார். பொன்னை அவர் காணாமல் இருந்தார் என்பதன்று செய்தி. கண்டார், முற்றத்தில் கிடக்கக் கூடாதது என்றே கண்டார். தூய்மையான முற்றம் என்னும் குறிக்கோள் அவர் மனத்தில் அத்தனை தெளிவாக இருந்தமையால், அக்குறிக்கோளுக்கு முன்னே கல்லும் பொன்னும் ஒரே தன்மையனவாகிய குப்பையாயின.

சைவ சித்தாந்தம் இம்மனநிலைக்கு இருவினையொப்பு என்று பெயரிடுகிறது. நல்வினை தரும் இன்பத்தில் விருப்பும் தீவினை தரும் துன்பத்தில் வெறுப்பும் இன்றி, இரண்டிலும் ஒத்து நிற்பதே இருவினையொப்பு. உயிரைப் பிணித்த ஆணவமலம் தன் ஆற்றல் மெலியும் பக்குவமாகிய மலபரிபாகமும், அதனை அடுத்துத் திருவருள் பதிதலாகிய சத்திநிபாதமும் இதனோடு சேர்த்துச் சொல்லப்படும். இக்கருத்தை 'எது நடந்தாலும் சரி' என்னும் அலட்சியமாகக் கொள்வோர் உண்டு. அது பிழை. வினையின் பயன் தனக்கு எப்படி வந்து சேரும் என்பதில் ஒப்பு நிற்பதே இங்கே கூறப்படுகிறது. வினை எப்படிச் செய்யப்பட வேண்டும் என்பதில் ஒப்புக்கு இடமில்லை. புல்லை வேரோடு செதுக்குவதும் மேலோடு சீவிவிட்டுப் போவதும் நாவுக்கரசருக்கு ஒன்றாக இருந்திருக்க முடியாது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பயன் கருதாமல் வேலை செய்க என்பதும், வேலையிலேயே மகிழ்க என்பதும் ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளத்தக்க சொற்கள். பிறர் உழைப்பின் பயனைக் கொள்வோர், உழைப்பவரை நோக்கிச் சொல்லத்தக்கவை அல்ல. நாட்கூலிக்கு வரும் சித்தாளிடம் கூலியைக் குறைத்துவிட்டுக் கருமயோகம் பேசுவது சமயமன்று, சுரண்டல். மனத்தில் கட்டிய கோயிலுக்கே பூசலார் தச்சரை அழைக்கும் முன் நிதி சேர்த்தார் என்பதை இத்தகைய உபதேசிகள் நினைவில் கொள்வது நல்லது.

வழியின் இனிமை பற்றிய மற்றோர் ஐயத்தை வைணவ ஆசாரியர்களே மிக நுட்பமாக எழுப்பினர். அவர்கள் வழக்கில் உபாயம் என்பது வழி, உபேயம் என்பது அவ்வழியால் அடையும் பேறு, கைங்கரியம் என்பது இறைவனுக்குச் செய்யும் தொண்டு. திருவரங்கத்தில் நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டிச் சாத்திய தொண்டரடிப்பொடியாழ்வார், இறைவன் பெயர்களைச் சொல்லும் சுவையை விட்டு இந்திரலோகத்தை ஆளும் சுவை கிடைத்தாலும் வேண்டேன் என்று திருமாலையில் பாடினார்; அதாவது தொண்டாகிய வழி அவருக்கு எல்லாப் பேறுகளினும் மேலாயிற்று. ஆனால் அச்சுவை யாருக்காக? நம்மாழ்வார் திருவாய்மொழியின் இரண்டாம் பத்தில், துறக்கம், நரகம், வீடு என்னும் எதனையும் பொருட்படுத்தாமல், இறைவன் தன்னைத் தனக்காகவே கொள்ள வேண்டும் என்று வேண்டுகிறார். நம்பிள்ளையின் விரிவுரைகளை வடக்குத் திருவீதிப்பிள்ளை பதிவு செய்த 'ஈடு' முதலாகிய உரை மரபு, இதனின்றும் ஒரு கடுமையான முடிவைப் பெற்றது: தொண்டு செய்கையில் பிறக்கும் மகிழ்ச்சியைத் தன் மகிழ்ச்சியாகப் பற்றிக்கொள்வதும் களைய வேண்டிய குற்றமே, ஏற்பவனுடைய உவப்பைக் கண்டு உவப்பதே தூய கைங்கரியம். செல்வத்தின் மீதான பற்றைப் போலவே அனுபவத்தின் மீதான பற்றும் பற்றுதான் என்று இவர்கள் கண்டது இக்காலத்திற்கு மிகவும் பொருந்தும். மகிழ்கிறோமா, மகிழ்கிறோமா என்று நொடிக்கொருமுறை தன் மனத்தைத் தொட்டுப் பார்ப்பவனுக்கு வேலையும் ஓடாது, மகிழ்ச்சியும் நில்லாது. சைவ சித்தாந்தம் இதே குற்றத்தைத் தற்போதம், அதாவது செய்பவன் யானே என்று தன்னையே முன்னிறுத்தும் உணர்வு என்று குறிப்பிடும்.

இவ்வெச்சரிக்கைகளோடு சாத்திரத்திற்கு வரலாம். சித்தாந்தம் உயிர் செல்லும் நெறியை நான்காக வகுத்தது. கோயிலை மெழுகுதல், விளக்கேற்றுதல், மலர் தொடுத்தல் போன்ற உடலுழைப்பு சரியை. அகத்தும் புறத்தும் முறைப்படி பூசித்தல் கிரியை. புலன்களை அடக்கி ஒருமித்து நினைத்தல் யோகம். பதி, பசு, பாசம், அதாவது இறை, உயிர், தளை என்னும் முப்பொருள் இயல்பைத் தெளிந்து நிற்றல் ஞானம். இவற்றுக்கு முறையே சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம் என்னும் பேறுகள் சொல்லப்பட்டன. தாயுமானவர் இந்நான்கையும் அரும்பு, மலர், காய், கனி என்னும் வரிசைக்கு ஒப்பிட்டார். இவ்வொப்பினைப் பலர் ஏணிப்படிபோல் கொண்டு, கனி கிடைத்தபின் அரும்பினால் என்ன என்று சரியையைத் தாழ்த்திவிட்டனர். ஆனால் அரும்பைக் கழித்துவிட்டு வேறெங்கிருந்தோ கனி வருவதில்லை. அரும்பில் தொடங்கியதுதான் கனியில் முதிர்கிறது. இதை உணர்ந்தே சித்தாந்த மரபு சரியையில் சரியை, சரியையில் கிரியை, சரியையில் யோகம், சரியையில் ஞானம் என ஒவ்வொன்றையும் நந்நான்காக்கிப் பதினாறு கூறியது. சரியை நெறிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் நாவுக்கரசரை ஞானம் எய்தாதவர் என்று எந்தச் சைவரும் சொல்லார்.

முடிவான சான்று சிவஞானபோதத்தில் உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் அருளிய இந்நூல் 12 சூத்திரங்களும் 40 அடிகளும் மட்டுமே கொண்டது. மும்மூன்று சூத்திரங்களாக அது நான்கு இயல்களாய் வகுக்கப்பட்டுள்ளது. முப்பொருளின் உண்மையை நிறுவுவது பிரமாணவியல். அவற்றின் இயல்பைச் சொல்வது இலக்கணவியல். உயிர் ஈடேறும் வழியைச் சொல்வது சாதனவியல். அவ்வழியின் பேற்றைச் சொல்வது பயனியல். வழியும் பேறும் இவ்வாறு தனித்தனி இயல்களாய்ப் பிரிக்கப்பட்டிருப்பதால், சாதனவியல் முழுதும் செயலும் பயனியல் முழுதும் ஓய்வுமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் பயனியலின் முதற்சூத்திரமாகிய பத்தாவது, இறைவனோடு ஒன்றாகி அவன் பணியில் வழுவாது நிற்றலைச் சொல்கிறது. பதினொன்றாவது, மறவாத அன்பினால் அவன் திருவடியைச் சேர்தலைச் சொல்கிறது. பன்னிரண்டாவது, மலம் நீங்கப்பெற்றவர் அடியாரோடு கூடி, அவர்தம் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே தொழுவதைச் சொல்கிறது. பணி, அன்பு, தொழுகை என மூன்றும் செயல்களே. முதற்படியில் சரியையாக நின்ற ஆலய வழிபாடு, பேற்றைக் கூறும் இயலின் இறுதியில் இடம்பெறுகிறது.

இவ்வமைப்புக்குப் பின்னே ஒரு கொள்கை இருக்கிறது. முத்தியிலும் உயிர் அழிவதில்லை. இன்பத்தைத் தருபவனாகச் சிவனும், துய்ப்பதாக உயிரும் அங்கே உண்டு என்பது சித்தாந்தத் துணிபு. அடைபவனே இல்லாத பேறாயின் அங்கே செயலுக்கு இடமிராது. அடைபவன் எஞ்சி நிற்கும் பேற்றில் அன்பு செய்தல் என்னும் வினையும் எஞ்சி நிற்கவே வேண்டும். காரைக்காலம்மையார் இறைவனிடம் வேண்டிய வரிசையும் இத்துணிபுக்கு இசைகிறது: இறவாத அன்பை முதலில் கேட்டு, பிறவாமையை அதற்குப் பின்னரே கேட்டதாகச் சேக்கிழார் பாடுகிறார்.

இக்கருத்திற்கு மறுப்பு சொல்ல இடமுண்டு. பன்னிரண்டாம் சூத்திரம் உடலோடு கூடி வாழும் சீவன்முத்தரைப் பற்றியது; பெருங்காயம் இருந்த கலத்தில் மணம் தங்குவது போல அவரிடத்து எஞ்சும் வாசனாமலம் தாக்காமல் காக்கவே அவ்வழிபாடு விதிக்கப்பட்டது; ஆகவே அதுவும் ஒரு சாதனமே என்று வாதிடலாம். திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞான முனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய மாபாடியம் முதலாகிய உரைகளில் இக்காப்பு நோக்கத்திற்கு உரிய இடம் தரப்பட்டுள்ளது. அதைப் புறக்கணிப்பது நேர்மையாகாது. எனினும் காப்பு ஒன்றே நோக்கமாயின், அச்சூத்திரம் சாதனவியலில் நின்றிருக்கலாம். ஒரே தொழுகை, எஞ்சிய மலத்தை நோக்கக் காப்பாகவும், தொழப்படுபவனை நோக்கப் பேறாகவும் இருப்பதில் முரண் எதுவும் இல்லை. தொடக்கத்தில் இருப்பவன் தொழுவதற்கும் நிறைந்தவன் தொழுவதற்கும் புறத்தே கைகூப்புதலில் வேறுபாடு காண முடியாது. முன்னவன் இல்லாத ஒன்றைப் பெறத் தொழுகிறான், பின்னவன் இல்லாமை தீர்ந்தமையால் தொழுகிறான்.

இதனால் தெளிவது, இலக்கையும் வழியையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து நிறுப்பது சித்தாந்தத்திற்கு உடன்பாடன்று என்பது. எச்செயல் பேற்றிலும் தொடரத்தக்கதோ அச்செயலையே அது வழியாக விதிக்கிறது. இவ்வளவையை உலகியல் முயற்சிகளுக்கும் பயன்படுத்தலாம்: பட்டம் பெற்ற மறுநாள் புத்தகத்தைத் தொட விரும்பாத மாணவன் கல்வியை நோக்கிப் படிக்கவில்லை, பட்டத்தை நோக்கியே படித்தான். கிடைத்தபின் கைவிடப்படப்போகும் செயலில் நடுவே மகிழ்ச்சியைக் கலந்துகொள்ளச் சொல்வது வீண்முயற்சி. அங்கே திருத்த வேண்டியது மனநிலையை அன்று, இலக்கை.

ஞானம் பெற்றவர்க்குக் கோயிலும் தொண்டும் கடந்துபோன படிகள் என்று மேடைகளில் பேசுவோர், தம் கூற்றுக்குச் சிவஞானபோதத்தைத் துணையாகக் காட்ட முடியாது.